கொண்டைக்குள் ஓர் ஆணி

மறுபடியும் குத்துகிறது. பிடரிக்கு மேலே, கொண்டைக்கு அடியில், வலது பக்கமாக. குனிந்தால் குத்துகிறது, நிமிர்ந்தால் இல்லை. முடிதான் எங்கோ சிக்கியிருக்கும். காலையில் அத்தை இழுத்து முடிந்த முடிச்சு அப்படி, கண் இரண்டும் காது வரைக்கும் போய்விட்டு வந்தது. அதை விடு, கரண்டியை எடு. வெடிமருந்துக்குள் மெதுவாக விடு, மேலே நிற்பதை வழித்துவிடு, கிண்ணத்தில் சாய்த்துவிடு, தட்டாதே. கரண்டியில் இரண்டு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தாலும் தட்டாதே, ஊதாதே, இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டில் ரவை டப்பாவைத் தட்டித் தட்டிக் கொட்டின கைக்கு இதைப் பழக்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அப்படியெல்லாம் இங்கே பேசக் கூடாது, டொரீன் மிஸ்ஸிக்குப் பிடிக்காது. முன்னால் தடித்த கண்ணாடி. முகம் இந்தப் பக்கம், கை இரண்டும் அடியில் உள்ள சந்து வழியாக அந்தப் பக்கம். வெடித்தால் கை போகும், முகம் மிஞ்சும் என்று எந்தத் துரையோ யோசித்துச் செய்திருக்கிறார். புருசன் வந்து பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டுமே. ஆனால் கிண்ணத்தில் மருந்து சமமாக நிற்கிறதா என்று பார்க்கக் கழுத்தை நீட்டிக் குனிந்துதான் ஆக வேண்டும், குனிந்தால் குத்துகிறது. இந்தக் கொட்டகையில் நாங்கள் ஐந்து பெண்கள், மேல்பார்வைக்கு மிஸ்ஸி. அதற்கு மேல் ஆள் கூடாது என்று கதவில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இன்றைக்கு மட்டும் மொட்டைவிரல் துரையும் உள்ளே நிற்கிறார். எனக்குப் பின்னால்தான் நிற்கிறார். புகையிலை வாசனை வருகிறது. சுருட்டை வெளியே வைத்துவிட்டு வந்தாலும் சட்டையில் வாசனை வரத்தானே செய்யும்.

சுற்றிலும் மண்கரை, ஆள் உயரத்துக்கு மேல். கொட்டகை போனால் பக்கத்துக் கொட்டகை போகக் கூடாது என்று கட்டினது. கரைக்கு அப்பால் தைல மரங்கள், அதற்கு அப்பால் மலை, மஞ்சு இறங்கி நிற்கிறது. நல்லதுதான், காய்ந்த காற்று அடித்தால் மிஸ்ஸி தரையெல்லாம் ஈரத்துணி போடச் சொல்வாள். இந்தப் புது மருந்து எதையும் தாங்காது. பழைய மருந்து எருமை, நாலு அடி போட்டால்தான் திரும்பிப் பார்க்கும். இது வந்த அன்றைக்கே மொட்டைவிரல் துரை எங்களையெல்லாம் தூரத்தில் நிற்கவைத்துக் காட்டினார். கல்லின் மேல் ஒரு பருக்கை, கண்ணுக்கே தெரியவில்லை, அதற்கு மேலே நூலில் தொங்குகிற சுண்டைக்காய் அளவு ஈயக்குண்டு, நூலை விட்டார். படார் என்றதும் தைல மரத்துக் காக்கை எல்லாம் கிளம்பிப் போனது. துரை சிரித்தார். கட்டைவிரல் பாதிதான் இருக்கிறது அவருக்கு. மீதியை எங்கே விட்டார் என்று யாரும் கேட்கவில்லை. இந்தக் கிண்ணத்துக்குத்தான் கேப்பு என்று பேர், குண்டின் மூக்கில் வைப்பது. பழைய கேப்பு வைத்த குண்டு விமானத்தின் றெக்கையைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய், வெறும் ஆகாசத்தில் வெடிக்குமாம். றெக்கை அவ்வளவு மெல்லிசு. இந்தப் புதுசு றெக்கையைத் தொட்டதுமே வெடிக்கும், தொட்டதுமே, என்று மிஸ்ஸி தமிழில் இரண்டு தரம் சொன்னாள். எனக்கு அன்றைக்கு வயிற்றில் ஒரு சந்தோசம் வந்தது, பொய் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் ஆறுச்சாமி சிட்டகாங் பக்கம் சண்டையில், விமானத்தைச் சுடுகிற பீரங்கிக்குத்தான் குண்டு எடுத்துக் கொடுக்கிறார். தையில் லீவில் வந்தபோது சொன்னார். "நாங்க சுட்டது பூராத்தையும் ஆகாசம் தின்னுபோட்டுது புள்ள. அவன் போட்டதுதான் கீழ வந்து உளுந்துது." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு வாய் நிறையப் பேச்சு இருந்த காலம் ஒன்று உண்டு. இந்தக் கிண்ணங்களில் ஒன்று அவர் கைக்குப் போகும். போய்த் தொட்டதும் வெடிக்கட்டும், முன்னாலேயே வெடிக்காமல் இருக்கட்டும், அவர் கையில் வெடிக்காமல் இருக்கட்டும். கரண்டியை வழி. சாய். தட்டாதே.

முடி இப்படிக் குத்துமா? முடி குத்தாது. முடி இழுக்கும், வலிக்கும், அரிக்கும். இது ஒரே இடத்தில், ஊசி மாதிரி. ஏன் அத்தை இன்றைக்குத் தலை வாரிவிட்டார்கள்? எனக்குக் கலியாணமாகி வந்த நாளிலிருந்து என் தலையை அவர்கள் தொட்டதில்லை, தொட்டதெல்லாம் வாயால்தான். இன்றைக்குக் காலையில் சீப்பை எடுத்தால் பின்னால் வந்து உட்கார்ந்து, "கொண்டா தலைய, நா முடிஞ்சு உடறேன்" என்கிறார்கள். அட, இந்தப் பாறையிலும் தண்ணீர் வருகிறதே என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. முட்டாள். கலங்கினாயே, கையைப் பார்த்தாயா? போன வெள்ளிக்கிழமைதான் கேட்டார்கள். "நெசமாவே இரும்பு கொண்டுபோவ உடமாட்டாங்களா?" "ஆவாதுங்க அத்தை. வெள்ளி மெட்டியவே கழட்டிப் போடச் சொன்னவங்க, இரும்பை உடுவாங்களா? இரும்பு கீழ உளுந்து ஒரு பொறி பறந்தா கொட்டாயே இருக்காது." "அப்ப வவுத்துப் புள்ளைக்கு யாரு காவலு? ஓடையத் தாண்டிப் போறே, முனி மரத்தைத் தாண்டிப் போறே. ரெண்டு போனது பத்தாதா?" அதற்கப்புறம் அவர்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அத்தை பேசினால் பயமில்லை, பேசாமல் இருந்தால்தான் நம்பக் கூடாது. மாமா கீழே சந்தையில் மாட்டுக்கு லாடம் அடித்தவர். அவர் போனபிறகும் அந்தத் தகரப் பெட்டியை மலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்களே, லாட ஆணி ஒரு பிடி இருக்கும் அதில். ஒரு விரற்கடை நீளம். தலை சதுரமாக. முனை கூர்மையாக. சொன்னால் காவல் போய்விடும் என்று சொல்லாமல் வைத்திருப்பார்கள். ஐயோ அத்தை. இல்லை, வேப்பிலையாக இருக்கும். வேப்பங்கொத்தின் காம்பு. காம்பும் குத்துமே. வேப்பிலைதான், வேறு ஒன்றும் இல்லை. இரும்பு ஆகாது என்று நான்தான் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேனே. சொன்னால் கேட்கிற ஆளா?

வேப்பங்காம்பு என்றால் கனக்காது. இது கனக்கிறது. கொண்டைக்குள் ஒரு பக்கம் மட்டும் கனம். சரி, இரும்பாக இருந்தால் சவரியக்கா விட்டிருப்பாளா? வாசலில் அவள்தானே சோதனை போடுகிறவள், நாடா முடிச்சைக்கூட அவிழ்த்துப் பார்க்கிறவள். தாலியில் தங்கம் கூடாது என்று சொன்ன காலத்தில், கழட்ட மாட்டோம் என்று நாங்கள் எல்லோரும் வாசலில் உட்கார்ந்துகொண்டபோது, மிஸ்ஸிதான் துரைமாரோடு பேசி, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு வரலாம் என்று வழி செய்தாள். அந்த மஞ்சளைக்கூட சவரியக்கா நகத்தால் கீறிப் பார்ப்பாள், உள்ளே ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று. கொண்டையைப் பிசைந்து பார்க்காமல் விடமாட்டாள். இன்றைக்குப் பார்த்தாளா? யோசி. தோளைத் தடவினாள். இடுப்புக்கு வந்தாள். வயிறு தட்டுப்பட்டுவிடுமே என்று நான் வாயைத் திறந்தேன். "இந்தத் தடவலுக்கு முன்னால என்ற வூட்டுக்காரரே தோத்துப்போவாரு சவரியக்கா." வரிசை முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்து, "போடி எடுபட்டவளே" என்று முதுகில் ஒரு அடி வைத்து உள்ளே தள்ளினாள். அடுத்து நின்ற குருவாத்தாளையும் அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத் தள்ளிவிட்டாள். கொண்டையைத் தொடவே இல்லை. வயிற்றைத் தப்பவைத்தேன், தலையைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டேன். என் வாய் இருக்கிறதே, என் வாயை வைத்தே ஒருநாள் எனக்குக் கொள்ளி வைக்கப் போகிறார்கள் என்று அம்மா சொல்வாள். எதிர் வரிசையில் அதோ குருவாத்தாள், கண்ணாடிக்குப் பின்னால் முகம் வெளுத்து. நாலைந்து நாளாகவே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புது மருந்தின் நெடி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள். கலியாணமாகி இன்னும் வருசம் திரும்பவில்லை, தூக்கு மூடியைத் திறந்தாலே வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள், பாவம். எனக்கும் அந்த நெடி உண்டு, நான் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

கையை எடுத்துத் தொட்டுப் பார்த்துவிடலாம். ஒரு விரல், ஒரே ஒரு தரம். கூடாது. விரல் நுனியில் மருந்து இருக்கிறது, வெள்ளையாக, விபூதி பூசின மாதிரி. இந்த விரலை முடிக்குள் விட்டு, இரும்பில் உரசினால் என்ன ஆகும் என்று ஈயக்குண்டு காட்டிவிட்டது. தலையைத் தொடுவது இங்கே முதல் குற்றம். அரித்தாலும் சரி, பேன் கடித்தாலும் சரி. அப்படியானால் சொல்லு. வாயைத் திறந்து சொல்லு. எப்படிச் சொல்வது என்றுகூடப் பழக்கியிருக்கிறார்களே, கரண்டியை வை, அசையாதே, பேர் சொல்லிக் கூப்பிடு. சொல்லலாம். சொன்னால் கொண்டையில் ஏன் இரும்பு வந்தது என்று கேட்பார்கள். கேட்கவே வேண்டாம். துரைக்கு வேண்டுமானால் தெரியாது. இங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்திக்கும் தெரியும், மிஸ்ஸிக்கும் தெரியும், அவள் இந்த ஊரில் பிறந்து ஆயா கையில் வளர்ந்தவள். பெண்பிள்ளை தலையில் இரும்பு செருகினால் எதற்கு என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இரும்பு என்று சொல்வதும் வயிற்றில் பிள்ளை என்று சொல்வதும் ஒன்றுதான். பிள்ளை என்றால் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்புவது சட்டம். வேலை போனால் லைன் வீடு போகும், ரேசன் அரிசி போகும், அத்தையும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டும். கீழே ஆற்றங்கரையில் அந்த வீடு. அந்தக் கொசு. அந்தக் காய்ச்சல். என் இரண்டும் அங்கேதான் போயின. முதலாவது வயிற்றிலேயே, எனக்குக் குளிர்க் காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டபோது. இரண்டாவது பிறந்து, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, பார்த்துவிட்டு. வேண்டாம். அது இப்போது வேண்டாம். கரண்டியை எடு. இந்த மலைக்குக் கொசு வராது. இந்த மலையில் இருந்தால் இது தங்கும். அதற்காகத்தான் வயிற்றைக் கட்டிக்கொண்டு வருகிறேன், ராட்சசி மாதிரி அதன்மேல் துணியை இறுக்கிக்கொண்டு வருகிறேன். பதினொரு மணி இடைவேளைச் சங்கு ஊதினால் எல்லோரும் எழுந்து சிவப்புக் கட்டையைத் தாண்டி வெளியே போவோம். கதவோரம் தரையில் சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒரு கட்டை, முழங்கால் உயரம். இந்தப் பக்கம் மருந்து, அந்தப் பக்கம் ஊர். அதைத் தாண்டிவிட்டால் கக்கூசுக்குப் போய்க் கொண்டையை அவிழ்த்து, எடுத்து, குழியில் எறிந்துவிட்டு வந்துவிடுவேன். யாருக்கும் தெரியாது. சங்கு வரைக்கும்தான். சங்கு வரைக்கும் கழுத்தை அசைக்காமல் இரு.

அசைந்தது. ஐயோ, அசைந்தது. குத்தல் நின்றுவிட்டது. குத்தினபோது பயந்தேன், இப்போது குத்தவில்லையே என்று பயமாக இருக்கிறது. குத்தினால் உள்ளே இருக்கிறது. குத்தாவிட்டால் எங்கே இருக்கிறது? கீழே வருகிறது. எண்ணெய் தேய்த்த முடி, அத்தை கை நிறைய வார்த்துத் தேய்த்தார்களே, வழுக்காமல் என்ன செய்யும். இங்கே மாட்டிவிடுகிற தொப்பி அதைப் பிடித்து நிறுத்தாது. இந்தத் தொப்பி எங்கள் தலையை நினைத்துத் தைத்ததில்லை, முடியைக் கத்தரித்துக்கொண்ட வெள்ளைக்காரச்சிகளுக்குத் தைத்தது, கொண்டை பாதி வெளியேதான் நிற்கும். பின்பக்கமாக விழுந்தால் ரவிக்கைக்குள் போகும். போகட்டும், இடுப்புக் கட்டில் நின்றுவிடும், பிள்ளைக்குப் பக்கத்திலேயே போய் நிற்கட்டும், அத்தைக்கும் சந்தோசம். பக்கவாட்டில் விழுந்தால் மடி. மடியிலிருந்து தரை, தரையில் ரப்பர் விரிப்பு, ரப்பரில் பொறி வராது. ஆனால் விரிப்பின் மேல் சிந்தின பருக்கை இருந்தால்? குனிந்திருக்கும்போது முன்பக்கமாக வந்தால்? கண்ணாடியின் மேல் விளிம்பில் பட்டு, அந்தப் பக்கம், தட்டில், நிரப்பி அடுக்கின கிண்ணங்களின் மேல். ஒரு கிண்ணம் போதும். ஒன்று போனால் வரிசை போகும், அலமாரியில் இருப்பது போகும். மாசியில் மூன்றாவது கொட்டகையில் பழைய மருந்துதான் போனது, அந்த எருமைதான். மண்கரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து நாங்கள் கேட்டோம். அப்புறம் ஒரு செருப்பைத் தைல மரத்துக் கிளையிலிருந்து எடுத்தார்கள். செருப்புக்குள் இருந்ததை எங்களுக்குக் காட்டவில்லை. பின்னால் துரை நகர்கிறார். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார். மிஸ்ஸியிடம் ஏதோ சொல்கிறார், மிஸ்ஸி என்னிடம் வருகிறாள். "பழனாத்தா, உன் கை ஆடவே இல்லைன்னு துரை மெச்சிக்கிறார். எப்படி வழிக்கிறேன்னு இன்னொரு தரம் காட்டு. நல்லாக் குனிஞ்சு பாத்துச் செய், அவருக்குத் தெரியணும்." குனிந்து. நல்லாக் குனிந்து. இத்தனை நாளில் ஒருத்தரும் என்னை மெச்சினதில்லை, இன்றைக்குத்தான் வர வேண்டுமா இவருக்கு.

கழுத்து வியர்க்கிறது. மலைக்குளிரில் வியர்க்கிறது. குனியவில்லை நான். கரண்டி கையில் இருக்கிறது, மருந்து கரண்டியில் இருக்கிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கை வேறு யாருடையதோ மாதிரி நிற்கிறது. துரை காத்திருக்கிறார். அவருடைய பாதிக் கட்டைவிரல் கண்ணாடியில் தெரிகிறது. கழுத்துக்குப் பின்னால், முடிக்கும் தோலுக்கும் நடுவில், ஒரு குளிர்ச்சி. தகரம் மாதிரி, பாம்பு மாதிரி, இல்லை, இரும்பு மாதிரி. வேப்பங்காம்பு குளிராது. இனிமேல் வேப்பங்காம்பு என்று என்னையே ஏய்க்க முடியாது. சங்குக்கு இன்னும் எவ்வளவு நேரமோ. குனியாமல் இருந்தால் கேட்பார்கள், குனிந்தால் விழும். பிள்ளையை நினைத்தேன். மலையில் இருந்தால் தங்கும், வெடித்தால் தங்குமா? சிறுக்கி, வெடித்தால் எது தங்கும்? எதிரில் குருவாத்தாள் என்னையே பார்க்கிறாள், கண்ணை எடுக்காமல். அவள் வயது எனக்கு இருந்தபோது எனக்கு எதுவுமே தெரியாது. அவளுக்குப் பக்கத்தில் இருக்கிறவளுக்கு மூன்று பிள்ளைகள். கடைசி வரிசையில் இருக்கிறவளின் புருசன் போரில் போய்விட்டான், அவளையும் போகவைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது. நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தால் சங்கு வரைக்கும் இருந்திருப்பேன், நிச்சயமாக இருந்திருப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு. கண்ணை மூடினால் அந்த இரண்டாவது பிள்ளையின் முகம் வருகிறது. கரண்டியை மருந்தின் மேலேயே படுக்கவைத்தேன். கையைப் பலகையில் வைத்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் இன்னொரு தரம் சொன்னேன். "மிஸ்ஸி, என்ற கொண்டைல இரும்பு இருக்குதுங்க."

யாரும் அலறவில்லை. அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். "எல்லாரும் கரண்டியை வைங்க. எந்திரிங்க. நடங்க, ஓடாதீங்க" என்றாள் மிஸ்ஸி, சோறு போடுகிறேன் வாங்க என்கிற குரலில். பெஞ்சுகள் நகரும் சத்தம், கட்டையை ஒவ்வொரு காலாகத் தாண்டும் சத்தம். துரையிடம் இங்கிலீசில் சொன்னாள். அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து, என் கைக்கு நடுவிலிருந்து தட்டைத் தூக்கினார். அந்த மொட்டை விரலை அடியில் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலுக்கு மாற்றுகிற மாதிரி எடுத்துக்கொண்டுபோய் எதிர் ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் போனார். அவரை இத்தனை நாள் நான் பரிகாசம் செய்திருக்கிறேன். மிஸ்ஸி என் கையை வாளித் தண்ணீரில் முக்கினாள், தன் கையையும் முக்கிக்கொண்டாள். பிறகு குவளையால் என் தலையில் மெதுவாக ஊற்றினாள். ஐஸ் மாதிரித் தண்ணீர், முதுகெலும்பு வழியே போயிற்று. "அசையாதே. மூச்சு விடலாம்." அவள் விரல்கள் கொண்டைக்குள் நுழைந்தன. முதலில் வேப்பங்கொத்து வந்தது, கசங்கி, எண்ணெயோடு. அதைப் பார்த்ததும் எனக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது, அழவும் தோன்றியது. ஒரு வேப்பிலைக்காகவா என் வீட்டையும் அரிசியையும் தூக்கிக் கொடுத்தேன்? அப்புறம் அவள் விரல்கள் நின்றன. மெதுவாக, மிக மெதுவாக, ஒன்றை இழுத்து, ஈரக் கைக்குள் மூடி, வாளிக்குள் கையை விட்டுத் தண்ணீருக்கு அடியில் வைத்தாள். லாட ஆணி. தலை சதுரம். மாமாவின் பெட்டி ஆணி. மிஸ்ஸி என் தலைமேல் கையை வைத்தபடியே நின்றாள். "எத்தனை மாசம்?" என்றாள். "நாலுங்க." "முன்னாடி?" "ரெண்டுங்க. தங்கலைங்க." ஒரு பெருமூச்சு விட்டாள். "இந்த நெடி உள்ள இருக்கிற பிள்ளைக்கு ஆகாது. அதுக்குத்தான் அந்தச் சட்டம், உங்களைப் பட்டினி போட இல்லை. இதை எத்தனை தரம் சொன்னேன்?" சொன்னாள்தான். காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. "லைன் வீடு மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும். அதுக்கு மேல என் கையில் இல்லை பழனாத்தா." சரி என்றேன்.

கட்டையைத் தாண்டினபோது கால் இடறியது. வெளியே மண்கரையோரம் நால்வரும் நிற்கிறார்கள். தொப்பியைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, ஒவ்வொருத்தியும் தன் தலையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழவு வீட்டில் நிற்கிற மாதிரி, விரித்த தலையோடு நாலு பேர். வாசலிலிருந்து சவரியக்கா ஓடி வருகிறாள், அழுதுகொண்டே வருகிறாள், அவள் வேலைக்கும் ஆபத்துதானே, அது என்னால்தான். எல்லோரையும் திரும்பச் சோதனை போடச் சொல்லி மிஸ்ஸி கத்தினாள், இப்போதுதான் கத்தினாள். முடியைப் பிழிந்து உதறினேன். அப்போதுதான் குருவாத்தாளைப் பார்த்தேன். கூட்டத்துக்கு ஒதுங்கி, தைல மரத்தடியில் நிற்கிறாள். முகத்தை நேரே வைத்துக்கொண்டு, கால் கட்டைவிரலால் சருகை நகர்த்தி நகர்த்தி எதையோ மூடுகிறாள். சருகுக்கு அடியில் துருப்பிடித்த ஒரு குட்டிச் சாவி, பாதி தெரிகிறது. சாப்பாடு இறங்காதது மருந்து நெடியால் இல்லை. கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்தது எனக்காக இல்லை. நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவளும் சொல்லியிருக்க மாட்டாள், இரண்டு பேரும் சங்குக்காகக் காத்துக்கொண்டு, இரண்டு இரும்பையும் தலையில் வைத்துக்கொண்டு குனிந்திருப்போம். சவரியக்கா மரத்தடிக்கு வந்துகொண்டிருந்தாள். குருவாத்தாளின் உதடு துடிக்கிறது. நான் விறுவிறு என்று போய், அவள் காலைத் தள்ளிவிட்டு, சாவியை எடுத்து எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினேன். "இதும் என்றதுதானுங்க மிஸ்ஸி. முடிய ஒதறினேன், இங்க வந்து உளுந்துபோச்சு. எங்க அத்தை ஒண்ணோட உடுவாங்களா? பூட்டைக் காணோம், அது எந்தப் பக்கம் தொங்குதுன்னு சவரியக்காவையே பாக்கச் சொல்லுங்க." யாரும் சிரிக்கவில்லை. மிஸ்ஸி என்னைப் பார்த்தாள். குருவாத்தாளைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று தெரியவில்லை. அவள் திரும்ப அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்காருவாள், அந்த நெடியைக் குடிப்பாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குக் கீழே என்ன இருக்கிறதோ, எந்த ஆற்றங்கரையோ. சங்கு ஊதினது. வேலை உடுப்பை வாங்கிக்கொண்டு என் சேலையைக் கொடுத்தார்கள், மெட்டியைக் கொடுத்தார்கள். வாசலில் நின்று, "மிஸ்ஸி, அந்த ஆணி" என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். "உச்சிப் பொழுதுல ஓடையத் தாண்டித் தனியாப் போவோணுங்க. முனி மரம் இருக்குது. குடுத்துருங்க." இவளுக்குப் பைத்தியமா என்று பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஆணியையும், வாங்கி வைத்திருந்த சாவியையும் எடுத்துக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தாள், ஈரமாக. இப்போது ஓடை வந்துவிட்டது. தண்ணீர் குறைவுதான். தலை இன்னும் சொட்டுகிறது, கொண்டை முடியவில்லை, இந்தக் கோலத்தில் முனியே என்னைப் பார்த்தால் பயந்துகொள்ளும். அத்தையிடம் என்ன சொல்வேன்? உங்கள் காவல்தான் எங்களை மலை இறக்கிவிட்டது என்றா? சொல்வேன். அவர்களும் அழுவார்கள், நானும் அழுவேன், அப்புறம் பெட்டி கட்டுவோம். கையை விரித்துப் பார்த்தேன், ஆணி, சாவி. ஆணியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன், வயிற்றுக்குப் பக்கத்தில். சாவி என்னுடையது இல்லை. இதை யார் அவள் தலையில் வைத்து அனுப்பினார்களோ, இப்போது அவள் வெறும் தலையோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள், வேலை விட்டு இந்த முனி மரத்து வழியாகத்தான் திரும்பி வரவேண்டும். சாயங்காலம் இங்கேயே வந்து நின்று, இருட்டுவதற்குள் இதை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும்.